முன்னால் வருவதும் பின்னால் வருவதும்: வீட்டில் ஒரு பழக்கத்தை மாற்றும் முறை

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தவுடன், வானம் வெளுத்திருந்தாலும் கடல் அசையாமல் கிடந்தாலும், எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு வயிறு ஒரு கணம் இறுகும். யாரும் விரும்பி அதை வரவழைப்பதில்லை; தானாகவே வருகிறது. அதே நாளில் தெருமுனைப் பெட்டிக்கடை வாசலில் நான்கு வயதுப் பையன் ஒருவன் மண்ணில் புரண்டு அழுகிறான். அவனுடைய அப்பத்தா மிட்டாய் வாங்கிக் கையில் வைத்ததும் அழுகை அந்தக் கணமே நின்றுவிடுகிறது. இரண்டுமே கற்றுக்கொண்ட நடத்தைகள்தாம். ஆனால் வயிற்றின் இறுக்கம் முன்னால் வரும் அடையாளத்தால் எழுகிறது. பையனின் அழுகை பின்னால் வரும் பலனால் நிலைத்து நிற்கிறது.

பழக்கங்களை மாற்ற முயன்று வீடுகள் தோற்றுப்போவதற்கு, பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே காரணம் என்பதை, ராமநாதபுரம் கடற்கரைச் சிற்றூர்களில் முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து அறிந்துகொண்டேன். அச்சப்படும் குழந்தையை அதட்டுகிறோம், அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்துச் சமாதானம் செய்கிறோம். செய்ய வேண்டியது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஒரு நடத்தை எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதையும், அறிந்த பின் நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வகைக் கற்றல்

ருசிய உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ் (1849–1936) நாய்களின் செரிமானச் சுரப்புகளை ஆராய்ந்தவர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்தச் செரிமான ஆய்வுக்காகத்தான். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதும் நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்த அவர், பிறகு அதையே தன் முதன்மையான ஆய்வாக்கிக்கொண்டார். மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் ஒலி, அதற்கடுத்து உணவு என்று பலமுறை கொடுத்துவந்தபோது, நாளடைவில் ஒலி மட்டுமே எச்சிலை வரவழைத்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் இதை ஆக்கநிலையுறுத்தம் என்று சொல்கின்றன. வீட்டில் பயன்படுத்துவதற்குப் பெயரைவிட வரிசை முக்கியமானது: அடையாளம் முந்தி வர வேண்டும், நிகழ்வு அடுத்து வர வேண்டும். உணவைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு ஒலி எழுப்பினால் நாய் அந்த ஒலியிலிருந்து கற்றுக்கொள்வது மிகக் குறைவு.

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பாதையில் சென்றது. பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளிருக்கும் கயிற்றை இழுத்தாலோ நெம்பை மிதித்தாலோ கதவு திறக்கும்படி அவர் அமைத்திருந்தார். தற்செயலாக ஒருமுறை கதவைத் திறந்த பூனை, அடுத்தடுத்த முறைகளில் மேலும் விரைவாகத் திறந்தது. நல்ல விளைவைத் தந்த செயல் மீண்டும் நிகழும் என்ற அவருடைய விளைவு விதியை, பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990) எலிகளையும் புறாக்களையும் கொண்டு விரிவாக ஆராய்ந்து, செயல்படு ஆக்கநிலையுறுத்தம் என்ற துறையாக வளர்த்தார். ஒரு செயலை மேலும் அடிக்கடி நிகழச் செய்யும் எந்தப் பலனும் வலுவூட்டல் எனப்படும்.

இதில் பலர் தடுமாறும் இடம் எதிர்மறை வலுவூட்டல். இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வுத்தாள்களில் ஆண்டுதோறும் இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். ஒரு தொல்லை விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுமானால் அதுவே எதிர்மறை வலுவூட்டல். பெட்டிக்கடை வாசலுக்கே திரும்பிப் போவோம். பையனுக்கு மிட்டாய் கிடைத்தது, ஆகவே அழும் செயல் வலுப்பட்டது. அப்பத்தாவுக்கோ, தெருவே வேடிக்கை பார்க்கும் அழுகை சட்டென்று ஓய்ந்தது, ஆகவே மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் செயல் வலுப்பட்டது. அவர் அவனைப் பழக்குகிறார், அவனும் அவரைப் பழக்குகிறான். இருவரில் யாரும் கெட்டவர் அல்லர் என்பதை வீட்டார் முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டால், பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நடப்பு வாழ்க்கையில் இரண்டு வகைகளும் பெரும்பாலும் பின்னிக்கிடக்கின்றன. காலையில் மீன் வண்டியின் ஹார்ன் ஒலி கேட்டதும் கூரைமேல் படுத்திருக்கும் பூனைக்கு வாயில் எச்சில் ஊறுவது பாவ்லவின் வகை. அது கூரையிலிருந்து குதித்து வண்டியடிக்கு ஓடி வருவது, ஓடி வந்த நாள்களில் மீன்குடல் கிடைத்ததால் நிலைத்த செயல். ஆகவே ஒரு நடத்தையை முழுதாக ஒரே பெட்டியில் அடைக்கத் தேவையில்லை. அதில் தானாக எழும் பகுதி எது, பலனுக்காக நிகழும் பகுதி எது என்று பார்த்தால் போதும்.

முதலில் ஒரு நோட்டு

எதையும் மாற்றத் தொடங்கும் முன்பு ஒரு வாரம் எழுதிவையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, முன்னால் நடந்தது, செயல், பின்னால் நடந்தது என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். "பிடிவாதம்", "சோம்பல்", "பயந்தாங்கொள்ளி" என்ற சொற்களை அந்த நோட்டில் எழுதவே கூடாது, ஏனென்றால் அவை கண்ணால் கண்டவை அல்ல. "மாலை 5.10, கடை கண்ணில் பட்டது. கையை இழுத்தான், உட்கார்ந்து அழுதான். மூன்று நிமிடத்தில் மிட்டாய்" என்று எழுதுவதே சரியான பதிவு.

வாரக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் படித்துச் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட பொருள் கைக்கு வந்ததும் நடத்தை உடனே நிற்கிறதா? யாரும் பார்க்காத இடத்தில் அது நிகழ்வதே இல்லையா? அப்படியானால் அது பின்னால் வரும் பலனைச் சார்ந்தது. வியர்வை, நடுக்கம், குமட்டல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தெரிகின்றனவா? பொருளைக் கொடுத்தாலும் தணியாமல், இடத்தை விட்டு நகர்ந்தால்தான் தணிகிறதா? அப்படியானால் முன்னால் வரும் அடையாளத்தைத்தான் தேட வேண்டும். வயிற்றுவலி, காய்ச்சல், பசி, தூக்கமின்மை ஆகியவை அடிப்படையாக இருந்தால் இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. முதலில் உடலைப் பார்க்க வேண்டும்.

அடத்தைக் குறைத்தல்

பலனால் நிலைத்த செயலுக்கு அந்தப் பலனை நிறுத்திவிட்டால் செயல் மெல்ல மறையும். சொல்வதற்கு எளிது. ஆனால் பலன் நின்ற முதல் சில நாள்களில் அழுகை குறைவதற்குப் பதிலாகக் கூடும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மூன்று நிமிடம் அழுதவன் இருபது நிமிடம் அழுவான், செருப்பை எறிவான், மூச்சைப் பிடிப்பான். குடும்பங்கள் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். "வழக்கத்தைவிட அதிகமா அழுவுறான், எம்மனசு கேக்கல" என்று அப்பத்தா மூன்றாம் நாள் கொடுத்துவிட்டால், இருபது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்பதே அவன் கற்ற பாடமாகிவிடும். அது பழைய நிலைமையைவிட மோசமானது.

எப்போதாவது ஒருமுறை கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிட ஆழமாக வேரூன்றுகிறது. 1957இல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் வெளியிட்ட விரிவான ஆய்வில், எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன. கடல் தொழில் செய்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நான்கு நாள் வெறும் வலையோடு திரும்பியவர், ஐந்தாம் நாள் நல்ல மீன்பாடு கண்டால், அடுத்த பத்து நாளுக்கு அந்த நினைவே அவரைக் கடலுக்கு இழுக்கும். தொழிலில் அது மன உறுதியாகிறது. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ரம்மியில் அதே இயல்பு குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. பத்து முறை மறுத்துப் பதினோராம் முறை கொடுக்கும் மிட்டாயும் இதே கணக்கில் சேரும். ஆகவே நிறுத்துவதென்றால் அப்பா, அம்மா, அப்பத்தா, பக்கத்து வீட்டு அத்தை, கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். முடியாதென்றால், அழத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

நிறுத்துவது மட்டும் போதாது. அதே மிட்டாயைப் பெறுவதற்கு வேறொரு வழியைத் திறந்துவிட வேண்டும். கடையைக் கடக்கும்போது கையைப் பிடித்தபடி அமைதியாக நடந்தால், கடையைத் தாண்டிய பத்தாவது அடியில், சேலை முடிச்சிலிருந்து எடுத்து அப்பத்தாவே கொடுக்கட்டும். அவருடைய அன்புக்கும் இடம் கிடைக்கும், பையனுக்கும் புதிய பாடம் கிடைக்கும். முதல் வாரம் தவறாமல் கொடுத்து, பழக்கம் பிடிபட்ட பிறகு சில நாள் மிட்டாய், சில நாள் முதுகில் ஒரு தட்டு, சில நாள் "எம்புள்ள பெரியவனாயிட்டான்" என்ற சொல் என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

பாராட்டைக் கொடுக்கும் விதம்

பலன், செயலை ஒட்டி உடனே வர வேண்டும். காலையில் செய்ததற்கு இரவில் அப்பா வந்து பாராட்டினால் சிறு குழந்தைக்கு இரண்டும் இணைவதில்லை. அழுகையின் நடுவே "அழாமல் இருந்தால் வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசுவதும் அழுகைக்குக் கிடைத்த பலனாகவே முடியும். பேச வேண்டியதை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

கடினமான வேலையை முழுதாக எதிர்பார்க்காமல் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பாராட்டுவது எப்படி என்பதை ஒரு மீனவத் தகப்பனிடமிருந்துதான் நான் தெளிவாகக் கற்றுக்கொண்டேன். பள்ளியில் எதற்கும் பொறுமை இல்லாத தன் மகனுக்கு அவர் வலை பொத்தக் கற்றுக்கொடுத்த விதத்தைப் பக்கத்துத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கிழிசலை அவர் முதலில் அவனிடம் கொடுக்கவே இல்லை. கிழிசலின் பெரும்பகுதியைத் தானே பின்னி முடித்து, கடைசி இரண்டு கண்ணிகளை மட்டும் விட்டு, ஊசியை அவன் கையில் கொடுத்தார். அவன் முடிச்சிட்டதும் வலையை இரு கையாலும் இழுத்துக் காட்டி, "பாரு, நீ போட்டது நிக்குது" என்றார். மறுநாள் நான்கு கண்ணிகளை விட்டார், அடுத்த வாரம் கையகல ஓட்டையை விட்டார். வேலையை முடித்துவைப்பது எப்போதும் மகனாகவே இருந்ததால், முடித்த இன்பமும் எப்போதும் அவனுக்கே கிடைத்தது. உளவியலார் இதை வடிவமைத்தல் என்கிறார்கள். எழுதத் தயங்கும் குழந்தைக்கு, சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் விட்டு எழுதிக் கொடுங்கள் என்று அதன் பிறகு எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பரிசாகப் பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தை தானாக விரும்பிச் செய்யும் செயலே, விரும்பாத செயலுக்குப் பரிசாக அமையும் என்று டேவிட் பிரமாக் 1959இல் நிறுவினார். வாய்ப்பாடு முடிந்ததும் கடற்கரை என்ற வரிசையை நம் வீட்டுப் பெரியவர்கள் அவருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வரிசையை மாற்றி, கடற்கரைக்குப் போய்விட்டு வந்து படிப்பதாக வாக்கு வாங்கிக்கொள்வதில்தான் நாம் தவறுகிறோம்.

குழந்தை தானாகவே ஆசையோடு செய்யும் ஒன்றுக்குக் கூலி பேசாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பட் ஆகிய மூவர் நடத்திய ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறுவர்களில், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள், பின்னாளில் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மணலில் சிப்பி பொறுக்கி வண்ணவாரியாக அடுக்கும் பெண்ணுக்கு, உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெரியவர் போதும்.

பிரம்பு செய்தது

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டுகளில் நான் பிரம்பு வைத்திருந்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது, ஆகவே பிரம்பு பயன்தருகிறது என்று நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கையைப் பிரித்துப் பார்த்தால், பிள்ளைகளின் சத்தம் நின்றதால் எனக்குக் கிடைத்த நிம்மதியே என் கையில் பிரம்பை நிலைநிறுத்தியது என்று தெரிகிறது. பெட்டிக்கடை அப்பத்தாவின் நிலைதான் என் நிலையும். கணக்குப் பாட நேரம் நெருங்கினாலே ஒரு சிறுமிக்கு வயிறு வலிக்கும். அவளை நான் ஒருமுறைகூட அடித்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அடிபட்டதைப் பார்த்தே, கரும்பலகையில் எண்கள் தோன்றுவது அவள் உடலுக்கு அச்சத்தின் அடையாளமாகிவிட்டது. அந்தக் குழந்தைக்கு நான் செய்தது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

தண்டனை ஒரு செயலை அடக்கும், அதுவும் தண்டிப்பவர் இருக்கும் இடத்தில். அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்றுத்தருவதில்லை. தண்டிப்பவரின் குரலையும் இடத்தையும் பாடத்தையும் அச்சத்தோடு பிணைத்துவிடுகிறது. பள்ளிகளில் உடல்தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. வீட்டில் கண்டிப்பு தேவைப்பட்டால், கைப்பேசியைச் சிறிது நேரம் எடுத்துவைப்பது போல விருப்பமான ஒன்றை விலக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் முன்பே சொல்லி, கோபமில்லாமல், சிறிது நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

பெரியவர்களின் பழக்கங்கள்

நமக்கே ஒரு புதிய பழக்கம் வேண்டுமென்றால், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் பின்னால் அதைக் கட்டிவிடுவதே எளிய வழி. சர்க்கரை மாத்திரையை மறப்பவர், மருத்துவர் சொன்ன வேளைக்கு ஏற்ப, மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டுத் தட்டின்மேல் கவிழ்த்து வைக்கலாம்; தட்டை எடுப்பதே அடையாளமாகிவிடும். எத்தனை நாளில் பழகும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள்.

விட வேண்டிய பழக்கத்துக்கு, அடையாளத்தை முதலில் அகற்றுங்கள். கைப்பேசியின் ஒலி கேட்டால் கை தானாக நீளும்; மன உறுதியோடு மல்லுக்கட்டுவதைவிட ஒலியை அணைத்து வேறு அறையில் வைப்பது எளிது. குடியும் இவ்வாறே அடையாளங்களோடு பிணைந்திருக்கிறது. படகு கரை பிடித்தது, ஏலம் முடிந்தது, பங்கு கைக்கு வந்தது, கூட்டாளி தோளில் கைபோட்டார் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததை இழுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், படகில் போகிறவர்களுக்கு அந்த அடையாளங்களில் பல அந்நாள்களில் அறுந்துவிடுகின்றன. குறைக்க விரும்புபவர் தொடங்குவதற்கு அது நல்ல காலம். ஆனால் ஜூன் நடுவில் படகு மீண்டும் இறங்கும்போது பழைய அடையாளங்கள் ஒரே நாளில் திரும்பி வரும். பங்குப் பணத்தை அன்று யார் வாங்குவது, எந்த வழியாக வீட்டுக்கு வருவது, வந்ததும் என்ன சாப்பிடுவது என்பதை மே மாதத்திலேயே கணவனும் மனைவியும் பேசி முடிவுசெய்துவிட வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். அவர் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அச்சத்தை இறக்குதல்

அச்சத்தைப் பலன் கொடுத்து விரட்ட முடியாது. "பயப்படாமல் இருந்தால் பொம்மை" என்று சொன்னால், பயமும் போகாது, பொம்மையும் கிடைக்காது. குழந்தைக்குத் தோல்வி ஒன்று கூடுதலாகச் சேரும். 1920இல் அமெரிக்க உளவியலார் வாட்சனும் ரேனரும் ஆல்பர்ட் என்ற பெயரால் அறியப்படும் கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புத் தண்டை ஓங்கி அடித்து, எலியைக் கண்டாலே அழும்படி செய்தார்கள். முயலுக்கும் நாய்க்கும்கூட அந்த அச்சம் பரவியது. அதை நீக்காமலே குழந்தை அனுப்பப்பட்டது பெருங்கொடுமை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் அதற்கு எதிர்த்திசையில் நடந்தார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே அருகில் நகர்த்தி, கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுக்கும்படி செய்தார். நாம் பின்பற்ற வேண்டியது அவரைத்தான்.

என் அக்கா மகள் ஒன்பது வயதில், மே மாத விடுமுறையில், பாம்பனை அடுத்த குந்துகால் பக்கம் வள்ளம் சாய்ந்து தண்ணீர் குடித்துவிட்டாள். ஆழமில்லாத இடம், உடனே தூக்கிவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு கடற்கரைக்கு வர மறுத்தாள். பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறினால் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்கூட அலறினாள். அழுதபோதெல்லாம் வீட்டார் திருப்பி அழைத்து வந்தார்கள். கடலைவிட்டு விலகியதும் கிடைத்த நிம்மதி, விலகும் செயலை வலுப்படுத்தியது. விலகிக்கொண்டே இருந்ததால், கடல் ஒன்றும் செய்யாது என்று அறியும் வாய்ப்பே அவளுக்கு வரவில்லை. இரண்டு வகைக் கற்றலும் கைகோத்து அச்சத்தைக் காப்பாற்றும் இந்தச் சுழலை உளவியலார் மௌரர் 1947இல் விளக்கியிருக்கிறார்.

ஆடியில் தொடங்கினோம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறிக்கொண்டிருக்கும் காலமாதலால், அமைதியாகக் கிடந்த வடகடல் (பாக் நீரிணை) கரையைத் தேர்ந்துகொண்டேன். படிகளை அவளையே சொல்லச் செய்து நோட்டில் எழுதினோம்: அலைச் சத்தம் கேட்கும் தெருமுனை, கடல் தெரியும் பனைமரத்தடி, காய்ந்த மணல், ஈர மணல், கணுக்கால், முழங்கால். அச்சத்துக்கு பத்துக்கு எத்தனை என்று அவள் எண் சொல்ல வேண்டும். எண் பாதியாக இறங்கும் வரை அடுத்த படிக்குப் போவதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம். அவளுக்குப் பிடித்த அவித்த கடலை மடியில் இருக்கும். மூன்றாம் நாள் பனைமரத்தைத் தாண்டி நாலடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

"சித்தி, இதுக்கு மேல வேணாம்."

"சரி ஆத்தா, இங்கனயே உக்காருவோம். எத்தனை?"

"எட்டு."

கடலை உரித்தோம், பள்ளிக்கதை பேசினோம். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது ஐந்து என்றாள், பிறகு நான்கு என்றாள். எண் இறங்கிய பிறகுதான் எழுந்து வீட்டுக்குத் திரும்பினோம். எட்டில் இருக்கும்போதே திரும்பியிருந்தால், விலகியதால்தான் தப்பித்தோம் என்று அவள் உடல் கற்றிருக்கும். இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கியிருந்தால், கடலோடு சேர்த்து என்னையும் கடலையையும் அஞ்சியிருப்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதே முழு வேலையும். புரட்டாசிக் கடைசியில் முழங்கால் தண்ணீரில் என் கையை விட்டுவிட்டு நின்றாள்.

உணவில் உண்டாகும் வெறுப்பு மட்டும் இந்த வழியில் அவ்வளவு எளிதாக இறங்காது. கெட்டுப்போன சூரை மீனைத் தின்று ஒருமுறை வாந்தியெடுத்தவர், பல மணி நேரம் கழித்தே வாந்தி வந்திருந்தாலும், ஆண்டுக்கணக்கில் சூரையின் வாடையைத் தாங்கமாட்டார். ஒரே முறையில், நீண்ட இடைவெளிக்குப் பின்னும் சுவைக்கும் நோய்க்கும் இணைப்பு உண்டாகும் என்பதை ஜான் கார்சியா எலிகளில் காட்டினார். அதனால்தான், குமட்டும் மருந்தைக் குழந்தைக்குப் பிடித்த உணவில் கலந்து கொடுக்கக் கூடாது என்று சொல்வேன்.

உறக்கத்தைக் கெடுக்கும் அச்சம், கண்ணெதிரே உறவினரைக் கடலில் இழந்தவரின் அச்சம், நாள் செல்லச் செல்லக் கூடும் அச்சம் ஆகியவற்றை வீட்டில் கையாள முயல வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

அச்சம் குறைந்த பிறகும் அது திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருங்கள். மறைந்த துலங்கல், அதாவது அடையாளத்துக்கு எழும் எதிர்வினை, இடைவெளிக்குப் பின் மீண்டும் தலைகாட்டுவதைப் பாவ்லவே கண்டிருக்கிறார். முதலில் அச்சம் தோன்றிய இடத்துக்கே போனால் அது இன்னும் வலுவாகத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாங்கள் கரைக்குப் போகவில்லை. தையில் வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால், அமைதியான தென்கடலுக்கு, அவள் விழுந்த அதே குந்துகாலுக்கு, போக வேண்டியிருந்தது. காய்ந்த மணலிலேயே நின்று "ஒன்பது" என்றாள். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. நோட்டைத் திறந்து, பழைய படிகளையே இந்தக் கரைக்கும் ஒருமுறை எழுதினோம். இரண்டு படி பின்னால் போய், அவித்த பனங்கிழங்கோடு பாதையோரத்தில் உட்கார்ந்தோம். வடகடலில் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்த படிகள், இங்கே ஆறு மாலைகளில் முடிந்தன.